தீட்டிய கத்தி, தீட்டாத கத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 66 வயது. முப்பது வருடமாகக் கத்தி சேர்க்கிறேன். பெரும்பாலும் மடக்குக்கத்திகள், கொஞ்சம் உறைக்கத்திகள். போன மாதம் எண்ணிப் பார்த்தேன், 118 இருக்கின்றன. நானும் மனைவியும் மகள் வீட்டோடு போய்த் தங்கப்போகிறோம். அங்கே எனக்கென்று ஒரே ஒரு இழுப்பறை. பேரனுக்கு நான்கு வயது, எதையும் திறந்து பார்க்கிற வயது. மகள் கறாராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "எத்தனை கொண்டு வருவீங்கப்பா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

பன்னிரண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். எந்தப் பன்னிரண்டு என்பதில் மூன்று வாரமாக நிற்கிறேன். விலை கூடியவற்றை வைத்துக்கொள்வதா? வகைக்கு ஒன்றாக வைத்தால் சேகரிப்பு சின்ன அளவிலாவது முழுமையாக இருக்குமே என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, வலது கட்டைவிரல் மூட்டில் வலி. சில கத்திகளைத் திறக்கவே முடிவதில்லை. நீங்களும் சேகரிப்பை விற்றவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

என்னிடம் எழுபது சொச்சம் இருந்தன. இடமும் இல்லை, பணமும் தேவைப்பட்டது. நானும் உங்களைப்போல் ஒரு பட்டியல் போட்டேன். விலை கூடியது மேலே, குறைந்தது கீழே. மேலேயிருந்து எட்டை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டேன். அந்த எட்டில் ஐந்து இன்றைக்கும் அட்டைப்பெட்டிக்குள் எண்ணெய்த்தாள் சுற்றியபடி கிடக்கின்றன. அவற்றால் ஒரு நூலைக்கூட நான் அறுத்ததில்லை. அறுத்தால் விலை போய்விடுமே!

கத்திச் சந்தையின் கணக்கு விசித்திரமானது. கத்தி தன் வேலையைச் செய்தால் அதன் மதிப்பு இறங்கும். சாணைக்கல்லை ஒரே ஒருமுறை பார்த்த அலகையும் பார்க்கவே பார்க்காத அலகையும் வாங்குகிறவர் லென்ஸ் வைத்துப் பிரித்துவிடுவார். பெட்டி இருந்தால் விலை ஏறும், பெட்டியோடு வந்த துண்டுக்காகிதமும் இருந்தால் இன்னும் ஏறும். அப்படியென்றால், தீட்டாத கத்தியை வைத்திருக்கிறவர் யாருக்காக வைத்திருக்கிறார்? அடுத்து வாங்கப்போகிறவருக்காக. இவர் வெறும் காவல்காரர், சம்பளமில்லாத காவல்காரர். தீட்டித் தீட்டி அலகு மெலிந்துபோன கத்தியை மட்டும் சந்தை கைகழுவிவிடுகிறது. அதற்கு வேறு எங்கும் போக்கிடம் இல்லை. அது உங்களுடையது.

ஆகவே, விலைப்பட்டியலைக் கிழித்துப்போட வேண்டாம், அதை விற்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 118ஐயும் ஒரு பழைய போர்வையில் பரப்புங்கள். நீங்கள் ஒருமுறையாவது தீட்டியவை ஒரு பக்கம், தீட்டாதவை ஒரு பக்கம். தீட்டாத குவியல் மொத்தமும் போகட்டும். தீட்டிய குவியலில் முப்பதுக்கு மேல் தேறாது என்பது என் ஊகம். சேகரிக்கிற ஆட்கள் எல்லோருடைய கதையும் இதுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. யாராவது கொடுத்த கத்தி, அல்லது யாரோ விட்டுச்சென்ற கத்தி. அதற்குத் தீட்டிய கணக்கு செல்லாது. ஆனால் அதிலும் நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்கள், அப்படிப்பட்டவை எத்தனை? எனக்கு இரண்டு.

வகைக்கு ஒன்று என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அது கண்காட்சி வைக்கிறவரின் யோசனை. திறந்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு இல்லாததில் ஒன்று, முதுகுப் பூட்டில் ஒன்று, வளையப் பூட்டில் ஒன்று, கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜப்பான் என்று ஊருக்கு ஒன்று என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அருங்காட்சியகத்தை இழுப்பறைக்குள் அடைத்தாலும் அது அருங்காட்சியகம்தான், பார்க்க வருகிற ஆள்தான் இல்லை. பேரனுக்குக் காட்டலாமே என்பீர்கள். நம் பேச்சு நீண்டால் 'கத்தி' என்பார்கள் வீட்டில். கத்தியைப் பற்றியே பேச்சு நீண்டால் என்ன சொல்வார்களோ!

என்னிடம் தப்பிப் பிழைத்த ஒரு கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஒப்பினல், எட்டாம் எண், கார்பன் ஸ்டீல் அலகு, பீச் மரப் பிடி. ஃபிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய அதே அமைப்புதான்: ஒரு மரப் பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. அலகைப் பூட்டும் திருகு வளையம் 1955இல் சேர்ந்தது. என் பட்டியலில் இது கடைசிப் பக்கத்தில் இருந்தது. விற்பனைக்கு எடுத்துப்போன பையில் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான். வேறு எந்த ஞானோதயமும் இல்லை.

அந்த அலகு வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போது நடுவில் சாம்பல், அடியில் நீலம் கலந்த கறுப்பு, நுனியில் பழுப்பாக ஒரு தீவு. துரு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். சிவப்பாக உதிர்வதுதான் துரு, அது இரும்பைத் தின்னும். இந்தக் கறுப்புப் படலம் எஃகின் மேல் இறுகி ஒட்டிக்கொண்டு, சிவப்புத் துரு எளிதில் இறங்காமல் ஓரளவு காக்கும். அலகின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டி, கல் எட்டாத ஒரு நெல்மணி நீளம் மட்டும் பழைய அகலத்திலேயே நிற்கிறது. மீதி அலகு அதைவிட உள்ளே போய்விட்டது. அந்தச் சின்னப் படிக்கட்டில் விரலை வைத்தால், இத்தனை வருடம் எவ்வளவு தேய்த்திருக்கிறேன் என்று தெரிகிறது.

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதிவிடும். அலகு பிடிக்குள் சிக்கி நகத்துக்கு வராது. அப்போது பிடியின் பின்முனையை ஒரு கட்டையின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாக ஒரு விரற்கடை வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களின் தட்டு என்றே இதற்குப் பெயர். பெட்டியிலேயே இருக்கும் கத்தி இந்த மாதிரி எதையும் கற்றுக்கொடுக்காது.

சரி, கட்டைவிரலுக்கு வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான், நீங்களோ போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சோதியுங்கள்: குறை விரலிலா, கத்தியிலா? பழைய மடக்குக்கத்திகளின் ஆணி மூட்டில் எண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்கும். கண்ணில் பட்ட சமையலெண்ணெயை விட்டிருந்தால் பெரும்பாலும் ஆகியிருக்கும், அவற்றில் பல காற்றுப்பட்டுக் கெட்டியாகும் சாதி. மூட்டில் மினரல் ஆயில் ஒரு சொட்டு விட்டு, ஒரு இரவு வைத்து, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருபது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஊறி வருவதைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. கால்வாசிக் கத்திகள் இதிலேயே இளகும் என்று தோன்றுகிறது.

அதற்கும் மசியாதவை முதுகில் கடினமான ஸ்பிரிங் உள்ளவை. ஸ்பிரிங்கை அரத்தால் ராவி இளக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஒப்பினல் வகையில் ஸ்பிரிங்கே கிடையாது, மரத்தின் பிடிமானம்தான். ஜப்பானின் ஹிகோநோகாமி என்ற மடக்குக்கத்தியிலும் இல்லை, அலகின் வாலில் நீளும் சின்ன நெம்பைத் தள்ளினால் திறக்கும். ஆனால் அதில் பூட்டு கிடையாது, அந்த நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். உங்கள் மூட்டு அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். 1964இல் வந்த பக் 110 போன்ற முதுகுப் பூட்டுக் கத்திகளில் மூடுவதற்குத்தான் விரல் பலம் வேண்டும், கனமும் அதிகம். உறைக்கத்திகளுக்குத் திறக்கிற வம்பே இல்லை. தீட்டிய குவியலில் இருப்பதை ஒரு நாள் காலை எழுந்ததும், மூட்டு இறுக்கமாக இருக்கும்போதே, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மாலையில் திறந்தால் விரல் உங்களை ஏமாற்றிவிடும். காலையில் திறக்கிறவை எத்தனையோ அத்தனைதான் உங்கள் எண்ணிக்கை. பன்னிரண்டை யார் விதித்தார்கள்? ஏழு வந்தால் ஏழு.

இனி விற்கிற கதை. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. வியாபாரி ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். "மொத்தமாகப் பார்க்கிறேன், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். தலையாட்டினேன். நல்லதாகப் பதினொன்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். மீதியைப் பிறகு யாரும் தொடவில்லை. கடைசியில் இரும்பு விலைக்குப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்க விட்டால் தனித்தனி விலை, மொத்தமாக என்றால் கடைசிக் கத்தி வரை மொத்தம். இரண்டில் ஒன்றை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய கத்திகளைப் பாலிஷ் போட்டேன். அலகின் அடியில் இருந்த முத்திரைகள் மங்கிவிட்டன. முத்திரைதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். அமெரிக்காவின் கேஸ் நிறுவனக் கத்திகளில் 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகள் குத்தினார்கள், ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அந்த வரிசையில் ஆறு புள்ளி என்றால் 1974. இரண்டு புள்ளியை நான் என் கையாலேயே தேய்த்துவிட்டு, வாங்க வந்தவரிடம் வருடம் சொல்ல முடியாமல் விழித்தேன். நீங்கள் எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழுங்கியிருந்தாலும் விற்கப்போகும் கத்தியைத் தீட்ட வேண்டாம். மோட்டார் சாணையில் காட்டவே காட்டாதீர்கள். அலகின் ஓரம் நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், எஃகின் பதம் போயிற்று.

யானைத் தந்தப் பிடி போட்டது ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் உலக வணிகத்துக்கு 1989இல் தடை முடிவு செய்தார்கள். பழைய பொருளுக்கு விலக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், விசாரிக்காமல் விலை பேச வேண்டாம். தபாலில் கத்தி அனுப்புவதும் அப்படித்தான். பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் வகை சில நாடுகளில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

விற்ற அன்றைக்கு முந்தின இரவு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். நல்ல மடக்குக்கத்தி மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, சேகரிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் 'வாக் அண்ட் டாக்' என்பார்கள், அலகின் நடையும் அதன் குரலும். ஒவ்வொரு கத்தியையும் திறந்து மூடி அந்தச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் ஓடுகிறது. இன்றுவரை ஒருதடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. ஃபோன் மாறும்போதெல்லாம் மறக்காமல் அதையும் மாற்றிக்கொள்கிறேன்.

பேரன் விஷயத்தில் மகள் சொல்வதற்கு மேல் பேச்சில்லை. பூட்டுள்ள பெட்டி, சாவி உங்களிடம். இழுப்பறையை மட்டும் நம்ப வேண்டாம். உறைக்கத்திகளைத் தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகின் மேல் வைத்துக்கொள்ளும். உறை தனி, கத்தி தனி. எவர்சில்வர் அலகுதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருப்பதால் துரு வரத் தயங்குகிறது, வரவே வராது என்றில்லை.

என் ஐந்து பெட்டிகளை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்பீர்கள். இந்தப் பதிலை எழுத உட்காரும்முன் எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்றைத் தீட்டிவிடலாமா என்று சாணைக்கல்லைத் தண்ணீரில்கூடப் போட்டேன். கல் ஊறிக்கொண்டிருக்கிறது. கை வரவில்லை.

நீங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 118இல் பழைய காலத்துப் பிடிகள் சில முத்துச்சிப்பி போலவோ ஆமையோடு போலவோ மினுங்கினால் அவை செல்லுலாய்டாக இருக்கலாம். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வரும். அது வயதாகிச் சிதையும்போது அமிலப் புகை விடும், பக்கத்தில் படுத்திருக்கும் நல்ல கத்திகளையும் சேர்த்து அரித்துவிடும். பித்தளையில் பச்சை பூத்திருந்தால் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அவற்றை மட்டும் இன்று ராத்திரியே பிரித்து, காற்றாட வேறு அறையில் வைத்துவிடுங்கள்.