இரண்டு மார்க்கும் இருக்கட்டும்

வணக்கம் சார்,

என் போனில் 2,800 பாட்டு இருக்கிறது, பாதிக்கு மேல் இளையராஜா. வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஷஃபிளில் ஓடவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வருகிறேன். 900 பாட்டு முடிந்தது. முக்கால்வாசிக்கு நாலுதான் போட்டிருக்கிறேன். காலையில் ஐந்து வாங்கிய பாட்டு இன்னொரு நாள் சாயங்காலம் வந்தபோது இரண்டுதான் போடத் தோன்றியது. எதை அழிப்பது? மூன்று ராஜா பாட்டு வரிசையாக வருவதால் ஷஃபிள் மேலும் சந்தேகம்.
ரா.

அன்புள்ள ரா.,

ஷஃபிளைச் சந்தேகப்பட வேண்டாம். பாதிக்கு மேல் ராஜா என்றால், அடுத்து வரும் மூன்றுமே அவருடையதாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புக்கு மேலேயே இருக்கிறது. ஒரு வாரப் பஸ் பயணங்களில் ஒருமுறைகூட அது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். ஐபாட் வைத்திருந்தவர்களும் இதையே சொல்லிக் குறைபட்டார்கள். 2005இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் என்ற பாட்டு மென்பொருளில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. அதாவது, நன்றாகக் கலைந்த மாதிரி தெரியவேண்டும் என்பதற்காகக் கலைப்பதையே கொஞ்சம் குறைத்தார்கள்.

எல்லாம் நாலாகிவிடுவதற்குக் காரணம், பிடித்ததைத்தானே சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கேசட் பதிந்து கொடுக்கும் கடைக்கு நாங்கள் லிஸ்ட் எழுதிக்கொண்டு போன காலத்தில் 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. ஏழாவதாக எதை எழுதுவது என்று கடை வாசலில் நின்று அடித்து அடித்து எழுதுவோமே, அதுதான் மார்க். நாலு போடக் கை போகும்போது, இதைப் பன்னிரண்டில் ஒன்றாக எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள், பாதி மூன்றுக்கு இறங்கிவிடும். மூன்று ஒன்றும் குறைவில்லை, நாள் முழுக்க நம்மோடு ஓடுபவை அவைதான்.

அப்புறம், அந்த ஐந்தும் இரண்டும். எந்தப் பாட்டுக்குப் பின்னால் வந்தது என்று கவனித்தீர்களா? 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்', ரீதிகௌளை ராகத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது, எனக்கு ஒருமுறை ஒரு புதிய குத்துப்பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. இப்போதைய பாட்டுகளை எல்லா இடமும் ஒரே சத்தமாக இருக்கும்படி இறுக்கி முடிக்கிறார்கள். பழைய பதிவில் மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கும். அன்று அந்தக் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் இருந்தது, மூன்று போட்டேன். பிறகு ஒரு மழை விட்ட இரவில் அதே பாட்டு ஒரு வீணைப் பதிவுக்கு அடுத்து வந்தது, ஒலியளவைத் தொடவேயில்லை, பல்லவியை அவர் திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சுழி கூடுதலாக விழுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பல பிளேயர்களில் ஒலியைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் வசதி இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். இரண்டாவது சரணம் முடிவதற்குள் மார்க் போடாதீர்கள். இரண்டையும் அழிக்காதீர்கள், தேதி போட்டு அருகருகே எழுதி வையுங்கள், சராசரி மட்டும் எடுக்கவேண்டாம். என் நோட்டில் அந்தப் பாட்டுக்கு நேரே 3, 5, 5, 4 என்று இருக்கிறது. அந்த நாலு எந்த நாள் என்று எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.