அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: அப்பா 46 வயதில் மாரடைப்பில் போனார். எனக்கு 38. ஓசூரில் ஷிப்ட் வேலை. ரத்தத்திலேயே இருக்கிற வியாதி என்றால் வாயைக் கட்டி என்ன பிரயோஜனம்? அம்மாவோ ‘களி தின்ற உடம்புக்கு ஒன்றும் வராது’ என்கிறார். (வாசகர், பாலக்கோடு)

பதில்: 46 என்ற எண்ணில்தான் என் கண் நின்றது. அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவோ அக்கா தங்கையோ 65க்கு முன்னால் மாரடைப்பில் விழுந்திருந்தால், குடும்பத்தில் இருக்கிறது என்று டாக்டர்கள் எழுதிக்கொள்வார்கள். தாத்தா எண்பதில் போனதெல்லாம் இதில் சேராது. உங்களுக்குச் சேருகிறது, சரி.

ஆனால் வாயைக் கட்டிப் பிரயோஜனம் இல்லை என்பது தப்பு. ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு இடத்தில் மாற்றம் இருந்தால் மாரடைப்புக்கு வாய்ப்பு கூடும் என்று 2007இல் கண்டுபிடித்தார்கள், அதே மாற்றம் இருந்தும் பச்சைக் காயும் பழமும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது என்று 2011இல் ஒரு ஆய்வு வந்தது. 2016இல் இன்னொன்று: பரம்பரையாக ஆபத்து அதிகம் உள்ளவர்களிலேயே புகை இல்லாமல், உடம்பு போடாமல், நடந்து, நல்லதாகச் சாப்பிட்டவர்களுக்கு, கண்டபடி இருந்தவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதி ஆபத்துதான். (நீங்கள் புகை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பிடிக்காதவர்கள் பெரும்பாலும் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள்!)

அம்மா சொல்வதில் பாதி சரி. களியும் கீரைக் கடைசலும் நல்ல சாப்பாடு, ஆனால் களியும் மாவுதானே, அந்தக் காலத்தில் ரெண்டு உருண்டை தின்றுவிட்டு ஏர் ஓட்டப் போனார்கள், நீங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறித் தூங்குகிறீர்கள். ஒரு உருண்டை போதும், கீரையை ரெண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எண்ணெய். பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். நைட் ஷிப்ட் பரோட்டாவை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சாப்பாட்டுக்கு அசைந்து கொடுக்காத ஒன்றும் உண்டு: லைப்போபுரோட்டீன் ஏ, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரிகிற ஒரு துகள். அது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடும், ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். கூடுதலாக இருந்தால் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த மாதமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒல்லி, கறி மீன் தொடமாட்டார். ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் 214. ஒல்லியானவனுக்கு ஏது கொலஸ்ட்ரால் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொள்ளு ரசம் குடிக்கிறார். (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: 190ஐத் தாண்டினாலே பரம்பரைக் கோளாறோ என்று சந்தேகப்பட வேண்டும். கொலஸ்ட்ராலைப் பிடித்து இழுத்துக் கழிக்கிற ஏற்பிகள் கல்லீரலில் உண்டு, அவற்றை உண்டாக்குகிற மரபணு பழுதானால் ஒல்லியாக இருந்தாலும் ரத்தத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் கொடுத்தார்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. கொள்ளு ரசம் தாராளமாகக் குடிக்கட்டும், மாத்திரையை டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இது அந்தக் கோளாறுதான் என்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர்களுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.