மழையில் கார் வழுக்கினால்: ஒரு நாள் பயிற்சியில் என்ன கற்கலாம்?

கேள்வி: போன ஐப்பசி மழையில் ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தும் என் கார் திரும்பாமல் நேராகப் போனது. எதிரே வண்டி வராததால் தப்பித்தேன். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்கிறார் அப்பா. இப்போது அலுவலகத்தில் ஒரு நாள் ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஸ்கிட் கன்ட்ரோலும், அதாவது வழுக்கும் வண்டியைச் சமாளிப்பதும் உண்டாம். ஒரே நாளில் அதெல்லாம் வந்துவிடுமா? (வாசகர், கோவை)

அப்பா சொல்வது அவர் காலத்து வண்டிக்குச் சரி. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) இல்லாத காரில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டீயரிங்கை எங்கே திருப்பினாலும் பயனில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். விட்டு விட்டுப் பிடிக்கும் வேலையை நம் காலைவிட வேகமாக அதுவே செய்துவிடும். நீங்கள் ஓங்கி மிதித்து, மிதித்தபடியே இருக்க வேண்டும்.

சொல்வது எளிது. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் பாதத்துக்கடியில் தடதடவென்று உதைக்கும், கீழேயிருந்து கரகரவென்று சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலரும் காலை எடுத்துவிடுவார்கள். பயிற்சியில் ஈரத் தரையில் இதை அலுக்கும்வரை செய்து பாருங்கள். முதலில் 30 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 40-இல். வேகத்தில் பத்துதான் கூடுகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர் மழையில் முன்வண்டியை ஒட்டிப் போக மாட்டார்.

உங்களுக்கு நேர்ந்தது முன்சக்கர வழுக்கல், அண்டர்ஸ்டீர் என்பார்கள். ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். கார் திரும்பவில்லையே என்று இன்னும் ஒடிப்போம், அதுதான் தப்பு. டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அகலம்தான். அதனால் முடிந்ததைவிட அதிகம் கேட்டால் அது கையை விரித்துவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஒடித்ததில் கொஞ்சம் திருப்பி விடுங்கள், பிடி கிடைக்கும்வரை பொறுங்கள். அந்தப் பொறுமைக்குத்தான் பயிற்சி வேண்டும்.

பின்பக்கம் வீசினால், அதாவது ஓவர்ஸ்டீர் ஆனால், கதை வேறு. போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். மரத்தைப் பார்த்தால் கையும் மரத்துக்கே போகும். பெரும்பாலோர் முதல் வீச்சைச் சமாளித்துவிடுவார்கள். வண்டி நேராகும்போது ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்காததால், மறுபக்கம் அடிக்கும் இரண்டாவது வீச்சில்தான் மாட்டுவார்கள். வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து வண்டியை நிலைப்படுத்தும் இஎஸ்பி உள்ள வண்டி என்றால், பயிற்றுநரிடம் கேட்டு அதை அணைத்தும் போட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரே நாளில் இதெல்லாம் கைக்குப் பழகிவிடுமா என்றால், பழகாது. நார்வேயில் வழுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கியபின் நடந்த ஆய்வில், இளைஞர்கள் வழுக்குச் சாலைகளில் மோதுவது கூடியிருந்தது. நமக்குத்தான் சமாளிக்கத் தெரியுமே என்ற தெம்பு வேகத்தைக் கூட்டிவிட்டது. பிறகு அங்கே பாடத்தின் நோக்கத்தையே மாற்றி, ஆபத்தை முன்கூட்டி உணர்வதற்கு முதலிடம் கொடுத்தார்கள். உங்கள் பயிற்சி முழுக்க வண்டியைச் சுழற்றிக் கைதட்டு வாங்குவதாகவே இருந்தால், ரசித்துவிட்டு வாருங்கள், நம்பிவிடாதீர்கள்.

போவதற்கு முன் டயரைப் பாருங்கள். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் (டயரின் மேல் வரிப்பள்ளம்) ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மழைக்கு அது போதாது, 3-க்குக் கீழே இறங்கினாலே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியதைப் பின்சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். இழுப்பது முன்சக்கரம், முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்: முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தே மீளலாம், பின்பக்கம் வீசினால் அத்தனை அவகாசம் கிடைக்காது.