நடப்பதை முதலில் காட்டுங்கள், வரைவிலக்கணம் பிறகு வரட்டும்

புதிய கலைத்திட்டத்தில் விஞ்ஞானம் கற்பிப்பது பற்றி இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து நிறையக் கடிதங்கள். 1ஆம் தரத்தில் 2026இல் தொடங்கியாயிற்று, 6ஆம் தரம் 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி, அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

*கேள்வி: 6ஆம், 7ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பயிற்சிப் பட்டறைக்குப் போனேன், காலையிலிருந்து பின்னேரம் வரை திரையில் ஸ்லைட் ஓடியது, "மாணவர் மையம்", "தேர்ச்சி" என்று நிறையக் கேட்டேன். திரும்பி வந்து கொப்பியைத் திறந்தால் திங்கட்கிழமை வகுப்பில் எதை மாற்றுவது என்று தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். (ஆசிரியை, மூதூர்)*

ஒரே ஒன்று என்றால் இதுதான் ரீச்சர்: வரிசையை மாற்றுங்கள். இப்போது நாம் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி, உதாரணம் சொல்லி, படம் கீறி, நேரம் மிஞ்சினால் ஒரு பரிசோதனை காட்டுகிறோம். அதைத் தலைகீழாக்குங்கள். பிள்ளைகள் கண்ணால் கண்ட, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாத ஒன்றை முதலில் வையுங்கள். அவர்கள் யோசித்து, கீறி, செய்து பார்த்து, ஒருவரோடு ஒருவர் வாதாடிய பிறகு அந்தச் சொல்லைக் கொடுங்கள்.

நீங்கள் மூதூரில் இருக்கிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத ஒன்று. வகுப்பில் கேளுங்கள்: "இங்கே மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏன் ஏறிக்கொண்டே வந்தது?" பதில் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு தாளில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று படமாகக் கீறச் சொல்லுங்கள். சிலர் கடல் உள்ளே வந்தது என்று கீறுவார்கள், சிலர் குளம் உடைந்தது என்பார்கள், ஒருவராவது மலையைக் கீறும். முதல் பாடவேளை அதோடு போகட்டும். அடுத்ததில் ஒரு தட்டில் மண்ணைக் குவித்து ஒரு பக்கம் உயரமாக்கி, மேலே மட்டும் தண்ணீர் தெளித்து, அது கீழே எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தேசப்படத்தை விரியுங்கள். மத்திய மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிற மகாவலியை அவர்களே விரலால் பின்தொடரட்டும். "நீரேந்து பகுதி" என்ற சொல்லை அந்த இடத்தில் கொடுத்தால் அதைப் பாடமாக்க வேண்டியே இராது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெள்ளத்தில் வீட்டை, பொருட்களை இழந்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பிக் கதை சொல்லச் சொல்லாதீர்கள், அதுவாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். பாடத்தை விடப் பிள்ளை பெரிது.

எல்லா அலகையும் இப்படி மாற்ற வேண்டாம். தவணைக்கு ஓர் அலகு போதும். ஒரு வருடத்தில் மூன்று நல்ல அலகுகள் உங்கள் கையில் இருக்கும், அது எந்தப் பட்டறையும் தராத முதல்.

*கேள்வி: ஐந்து படி முறையை (ஈடுபடல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல்) ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் எழுத வேண்டுமா? 40 நிமிடத்தில் ஐந்தும் எப்படி வரும்? (ஆசிரியர், தம்பலகாமம்)*

வராது சேர், வரவும் தேவையில்லை. அது அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் ஒரு பாடத்திட்ட ஆய்வு நிறுவனம் வகுத்த முறை. பல பாடவேளைகளில் விரிகிற ஓர் அலகுக்குத்தான் அது பொருந்தும். நம் நாட்டில் 2007 சீர்திருத்தத்தோடு வந்தபோது பல இடங்களில் அது ஒரு பாடவேளையின் ஐந்து கட்டங்களாகச் சுருங்கிவிட்டது. அதனால் "கண்டறிதல்" என்ற பகுதி ஐந்து நிமிடமாகி, ஆசிரியரே செய்து காட்டுவதோடு முடிந்துபோனது. உங்கள் சேவைக்கால ஆலோசகரிடம் அலகுத் திட்டத்தைக் காட்டி, இன்றைக்கு நான் இரண்டாம் படியில்தான் இருக்கிறேன் என்று துணிந்து சொல்லுங்கள்.

*கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஒரு அறை இருக்கிறது, உள்ளே உடைந்த கதிரைகள். வகுப்பில் 44 பிள்ளைகள். இதை வைத்துக்கொண்டு கண்டறிதல் கற்றலா? (ஆசிரியை, கிண்ணியா)*

உங்கள் கோபம் நியாயமானது. ஆய்வுகூடம் கேட்பதை நிறுத்தாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 6 முதல் 9 வரையான தரங்களில் பெரும்பகுதிக்கு பன்சன் சுடரடுப்பு தேவையில்லை, எண்ணிப் பார்க்க ஒரு பொருளும் அதைத் தொட ஒரு வாய்ப்பும்தான் தேவை.

புல்மோட்டைக் கறுப்பு மணல் ஒரு சோடாப் போத்தல் நிறைய யாரிடமாவது சொல்லி எடுப்பியுங்கள். பழுதான கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் வலுவான காந்தம் இருக்கும், பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் தருவார்கள். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு மணலில் வைக்கச் சொல்லுங்கள். சில மணிகள் ஒட்டும், சில விழுந்துவிடும். ஏன் எல்லாம் ஒட்டவில்லை? அங்கிருந்து கலவை, கலவையைப் பிரித்தல், தூய பொருள், காந்தப் பண்பு என்று ஒரு முழு அலகும் விரியும். அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் என்று பல கனியங்கள் கலந்திருக்கின்றன, இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், மற்ற இரண்டும் இழுபடா. புல்மோட்டைத் தொழிற்சாலையிலும் இல்மனைட்டைக் காந்தத்தால்தான் பிரிக்கிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் சொன்னால் சுவை போய்விடும்.

44 பேருக்கு ஆறு காந்தம் போதும். எட்டுப் பேர்க் குழுவில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்தான், அதனால் வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் செய்ய, ஒருவர் எழுத, ஒருவர் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க. சத்தம் வரும். அதிபருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*கேள்வி: நான் கலைப்பிரிவில் படித்தவள். ஆள் இல்லாததால் விஞ்ஞானம் தந்திருக்கிறார்கள். குறிப்பு எழுதிப் போடுவதென்றால் சமாளிப்பேன், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் எனக்குத் தெரியாததைக் கேட்பார்களே என்று பயமாக இருக்கிறது. (இளம் ஆசிரியை, குச்சவெளி)*

தங்கச்சி, உங்களைப் போல் இந்த மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிள்ளை கேட்கிற கேள்வியில் இரண்டு வகை உண்டு. பாடநூலில் இருக்கிற விஷயம் என்றால் வகுப்புக்கு முன் நீங்கள் படித்திருக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது. பாடநூலுக்கு வெளியே என்றால், "எனக்கும் தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்பதே விஞ்ஞானப் பாடம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையே எடுங்கள். ஒரு பிள்ளை, "இலங்கையில் எரிமலை இல்லையே, பிறகு வெந்நீர் எப்படி?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? அதைப் பலகையின் மூலையில் எழுதி அப்படியே விடுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு வெப்பமானியோடு கூட்டிப்போங்கள். ஏழு கிணறும் அருகருகே இருக்க, வெப்பநிலை ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும், அதை அட்டவணையாக்கட்டும். எரிமலை இல்லாமலும் நிலத்தின் ஆழத்தில் சூடு உண்டு, மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்ப மேலே வருகிறது என்ற விளக்கத்தை நீங்களும் அவர்களும் சேர்ந்து தேடி எடுக்கலாம். ஒவ்வொரு கிணறும் ஏன் வேறுவேறு சூடு என்பது நல்ல அடுத்த கேள்வி. பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பட்டதாரி ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள், போனில் அரை மணித்தியாலம் பேசினால் ஒரு வாரத்துக்குக் காணும்.

*கேள்வி: மகனின் விஞ்ஞானக் கொப்பியில் குறிப்பே இல்லை, கீறலும் வெட்டலும்தான். ரியூசனில் ஒழுங்காக எழுதித் தருகிறார்கள். பாடசாலையில் படிப்பிக்கிறார்களா இல்லையா? (தாய், திருகோணமலை நகரம்)*

அம்மா, அந்த வெட்டலைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். முதலில் எழுதிய விளக்கத்தை வெட்டி, காரணத்தோடு வேறொன்று எழுதியிருந்தால் ஆசிரியர் நன்றாகவே படிப்பிக்கிறார். ஒன்றுமே எழுதாத பக்கங்கள்தான் கவலைப்பட வேண்டியவை, அப்படி இருந்தால் ஆசிரியரிடம் நேரே போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வீட்டில் நீங்களும் சோதிக்கலாம். ஆடி மாதத்தில் கச்சான் வீசும்போது "இந்தக் காற்று ஏன் இப்படிச் சுடுகிறது?" என்று கேளுங்கள். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த காற்று நம் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடி, 1000 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. இதில் பாதியையாவது மகன் தன் வாயால் சொன்னால், குறிப்புக் கொப்பி அழகாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

*கேள்வி: என் மச்சாள் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் ஆசிரியை. அங்கேயும் விஞ்ஞானத்தை இப்படித்தான் மாற்றினார்கள் என்கிறாள். அவர்களுக்கு எப்படி நடந்தது? (ஆசிரியர், நிலாவெளி)*

அங்கே மத்திய அரசு கலைத்திட்டம் போடுவதில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனக்கான நியமங்களை வைத்திருக்கிறது. 26 மாநிலங்கள் முன்னின்று உருவாக்கிய "அடுத்த தலைமுறை விஞ்ஞான நியமங்கள்" 2013 ஏப்ரலில் வெளியாயின. பாடக் கருத்து, விஞ்ஞானிகள் செய்கிற 8 செயல்முறைகள், காரணமும் விளைவும் போன்று எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான 7 எண்ணக்கருக்கள், இந்த மூன்றையும் ஒரே பாடத்தில் பின்ன வேண்டும் என்பது அதன் சாரம். கேள்வி எழுப்புவதும், மாதிரி அமைப்பதும், ஆதாரத்தோடு வாதிடுவதும் அந்த எட்டில் அடங்கும்.

நமக்கு அதில் முக்கியமாகப் படுவது கால அளவு. உங்கள் மச்சாளின் மாநிலம் 2014இல் அதை ஏற்றது, 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 2016 செப்டெம்பரிலும் சிறு வகுப்புகளுக்கு 2017 செப்டெம்பரிலும்தான் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியா 2013இல் ஏற்றது, அதற்கான புதிய பரீட்சை முழு அளவில் வந்தது 2019இல். அவ்வளவு பணமும் வசதியும் உள்ள இடத்திலேயே ஆசிரியருக்கு வருடக்கணக்கில் அவகாசம் தேவைப்பட்டது. அதனால் 6ஆம் தரம் தள்ளிப்போனதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அவகாசத்தில் ஆசிரியரைக் கூட்டி வேலை செய்யாமல் சும்மா விட்டால் 2027 ஜனவரியிலும் இதே கடிதங்கள்தான் வரும்.

*கேள்வி: கற்பித்தலை மாற்றினாலும் தவணைப் பரீட்சை பழையபடி இருந்தால்? (ஆசிரியை, சேருநுவர)*

பிள்ளைகள் பரீட்சையைத்தான் நம்புவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். "ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் நான்கு தருக" என்பதற்குப் பதிலாக நிலாவெளிப் பக்க உப்பளம் ஒன்றை வைத்துக் கேளுங்கள். வெயில், காற்று, முகில் வித்தியாசப்படுகிற மூன்று நாட்களில் பாத்தியில் நீர்மட்டம் குறைந்த அளவை நீங்களே கற்பனையாக அட்டவணை போட்டுக் கொடுத்து, எந்த நாளில் அதிகம் குறைந்தது, ஏன், வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் உப்பு விளைச்சல் ஏன் சரிப்படாது என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணிகளில் பெரும்பாலானவை விடைக்குள் தானாக வரும். திருத்துவது கஷ்டம், நேரம் எடுக்கும், அது உண்மை. ஒரு தாளில் இப்படி இரண்டு கேள்வியோடு தொடங்குங்கள்.

*கேள்வி: அதிபராக நான் என்ன உதவி செய்யலாம்? பணம் இல்லை. (அதிபர், ஈச்சிலம்பற்று)*

நேரம் கொடுங்கள் சேர். பட்டறையில் கேட்டது வகுப்பில் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் படிப்பிக்க மற்றவர்கள் பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேச வேண்டும். யப்பானில் ஆசிரியர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் தங்கள் பாடங்களைச் செப்பனிடுகிறார்கள். பார்ப்பவர்கள் ஆசிரியருக்குப் புள்ளி போடக் கூடாது, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் குழம்பியது என்பதை மட்டும் எழுத வேண்டும்.

உங்கள் பாடசாலையில் ஒரேயொரு விஞ்ஞான ஆசிரியர்தான் என்றால் பக்கத்து இரண்டு பாடசாலை அதிபர்களோடு பேசி, மூவருக்கும் வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கடைசி இரண்டு பாடவேளைகளை ஓய்வாக்குங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அதற்கு அனுமதியும், மாதம் ஒருமுறை ஆலோசகர் வருவதையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த தவணை நேரசூசி போடும்போதே அந்தப் பாடவேளைகளை முதலில் அடைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் போட்ட பிறகு தேடினால் இடம் கிடைக்காது.