அரை ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை: எந்த வர்க்கம்?

கேள்வி: களப்பணிக்கு டெல்டா கிராமம் ஒன்று எடுத்திருக்கிறோம். ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை, அறுப்புக்குக் கூலி வேலையும் உண்டு. படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?
– முதுகலை சமூகவியல் மாணவி, திருவாரூர்

பதில்: எதிலும் அடிக்க வேண்டாம். கோளாறு படிவத்தில்தான்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் 1961-62-ல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். ‘ஸ்ரீபுரம்’ என்பது அதற்கு அவர் வைத்த மாற்றுப்பெயர். அங்கேயும் இதே சிக்கல்தான். மிராசுதார், குத்தகைக்காரர், கூலியாள் என்பவை நிலத்தோடு உள்ள உறவுகள்; ஒரே ஆள் இரண்டு உறவில் நிற்பது சகஜம்.

அதனால் படிவத்தில் ஐந்து பத்தி (காலம்) போடுங்கள்: சொந்த நிலம், குத்தகைக்கு எடுத்தது, குத்தகைக்கு விட்டது, கூலிக்குப் போன நாள், கூலிக்கு ஆள் வைத்த நாள். நிலத்தை மா கணக்கில் சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள் (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்). ‘வருஷத்துக்கு எத்தனை நாள் கூலி?’ என்று மொத்தமாகக் கேட்டால் வாய்க்கு வந்த எண்தான் வரும். குறுவை நடவு, களை, அறுப்பு, பிறகு சம்பா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குத்தகை பல இடங்களில் வாய்மொழிதான், பட்டாவை நம்பாதீர்கள். களத்தில் நெல்லை யார் அளக்கிறார்கள், எத்தனை மூட்டை எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டால் விஷயம் வெளிவரும்.

மார்க்ஸ் வழியில் பார்த்தால் கடைசி இரண்டு பத்திதான் உயிர்: யார் உழைப்பு யாருக்குப் போகிறது என்று அங்கே தெரியும். மாத வருமானத்தை வைத்து வர்க்கம் பிரித்தால் இது மறைந்துபோகும்.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொல்லும் அந்தஸ்தை, அதாவது சமூக மரியாதையை, இதோடு கலக்காதீர்கள், அதற்குத் தனித் தாள். யார் வீட்டில் யார் திண்ணையோடு நிற்கிறார், யார் கூடம்வரை போகிறார் என்று குறியுங்கள். நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கும் மிராசுதார் மகனுக்கு வர்க்கம் மாறிவிட்டது. அக்கிரகாரத்து மரியாதை உடனே போய்விடாது. அதிகாரம் இன்னொரு கணக்கு. ஸ்ரீபுரத்தில் தலைக்கு ஒரு ஓட்டு என்றானதும் பஞ்சாயத்து பிராமணரல்லாதார் கைக்குப் போனது. நிலம் அதே வேகத்தில் கைமாறவில்லை.

தங்கும் இடத்தையும் யோசியுங்கள். பெத்தேல் அக்கிரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் நினைத்தபோது போய்வர முடியவில்லை. உங்கள் குழுவில் பாதிப் பேராவது காலனிப் பக்கம் தங்கட்டும்.