தவறான விடையைக் கேட்கத் தெரிந்தால்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கணக்கு நடத்துகிறேன். அதே ஆறாம் வகுப்பு, அதே பின்னங்கள். எதைக் கேட்டாலும் முன்வரிசைப் பிள்ளைகள் இருவரே பதில் சொல்கிறார்கள். பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகள் வேறு. ஓய்வு பெறும்வரை உங்களுக்குச் சலிப்பே வரவில்லையா, அம்மா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: பாடம் சலிக்கத்தான் செய்யும், மகளே. எனக்குக் கடைசிவரை சலிக்காதவை பிள்ளைகளின் தவறான விடைகள்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை ஆண்டுதோறும் உண்டு. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. உடனே திருத்திவிடாதீர்கள். "ஐந்தில் இரண்டு பெரியதா, அரை பெரியதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படி அரையைவிடக் குறையும்? அந்தக் குழப்பம் அவள் முகத்தில் தெரியும் கணத்துக்காகவே நான் பள்ளிக்குப் போனேன். 0.3-ஐவிட 0.25 பெரியது என்பவனும் அப்படித்தான். முழு எண்களில் கற்றதை அங்கேயும் நம்பிக்கையோடு கொண்டுவருகிறான்.

பேசாமல் நிற்பது எளிதல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடியாக்கியதும் விடைகள் நீண்டன; வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் முன்வரிசை இருவரும் முந்திக்கொள்வது அந்த ஒரு நொடியில்தான். அவர்களிடம் விடையைக் கேட்காமல், "ஐந்தில் இரண்டு என்று எழுதியவர் எப்படி யோசித்திருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்க வகுப்புச் சுவர்களில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். உங்கள் பள்ளியில் அது இருந்தால் ஆறாம் வகுப்பையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளை எழுதிக் காட்டட்டும்.

எமிஸ் வேலை குறையும் என்று என்னால் சொல்ல முடியாது. அது பாடவேளையைத் தின்பது அநியாயம். தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு நோட்டில் தவறான விடைகளை மட்டும், பெயரில்லாமல், குறித்து வாருங்கள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அதை எடுத்துச் சென்று, பக்கத்து ஊர்க் கணக்கு ஆசிரியரிடம் அவருடைய பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள்.