நரம்புக் குளிசைக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. எட்டு வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும் போடுகிறா. மச்சம் சாப்பிடமாட்டா. கொஞ்ச நாளாகப் பாதம் இரண்டும் விறைக்குது, இரவில் எரியுது என்கிறா. பாமசியில் நரம்புக் குளிசை தந்தார்கள். கொடுக்கலாமா? இரவில் பிட்டு சாப்பிடலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நரம்புக் குளிசை என்பது பெரும்பாலும் பி6, பி12 போன்ற விற்றமின்கள் சேர்ந்தது. அதைத் தொடங்கு முன், நரம்புக்குத் தேவையான விற்றமின் பி12 இரத்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள். மெற்போமின், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஈரலில் உள்ள சேமிப்புத் தீர வருடக்கணக்காகும்; அதனால் குறைபாடு பிந்தித்தான் தெரியவரும். அம்மாவுக்கு உணவு வழி வரவும் குறைவு. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஒரு கோப்பைத் தயிரில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான் உண்டு. முருங்கையிலை, வல்லாரை நல்லவை, ஆனால் அவற்றை நம்பிப் பி12 கிடைக்காது.

பி12 குறைந்தாலும், நீரிழிவால் நரம்பு கெட்டாலும் இப்படியே விறைக்கும், எரியும். அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியாது. குளிசை போட்ட பிறகு சோதித்தால் அளவு உயர்ந்து காட்டும், முன்பு குறைபாடு இருந்ததா என்பது மறைந்துவிடும். ஒரு மில்லிலீற்றரில் 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வைத்தியர் பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார். பிறகு 1000 மைக்ரோகிராம் குளிசை போதும்: வழக்கமான வழி அடைபட்டாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு உடம்பில் சேரும், அதுவே 10 மைக்ரோகிராம்.

பாமசிப் பெட்டியில் பி6 எவ்வளவு என்று வாசியுங்கள். 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போனால் அதுவே விறைப்பைத் தரலாம். போலிக் அமிலம் என்ற விற்றமினை மட்டும் கொடுப்பதும் ஆபத்து. பி12 குறைவால் வந்த இரத்தசோகை தேறும், நரம்பு தொடர்ந்து கெடும். மெற்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிட்டு ஒரு தேநீர்க் கோப்பை அளவு போதும். குரக்கன் பிட்டென்றாலும் மாச்சத்துத்தான், இரண்டாம் முறை போடக்கூடாது. தட்டில் பாதியைக் கத்தரி, புடோல், கீரைச் சுண்டல் என்று நிரப்புங்கள். காற்பங்கு பருப்போ கடலையோ இருக்கட்டும். சீனியும் வாழைப்பழமும் போட்டுக் குழைப்பதை விட்டுவிடுங்கள்.

விறைத்த பாதம் சூட்டை உணராது. கோயில் மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தீமிதிப்பு நேர்த்தி இருந்தால் வேறு விதமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். இரவில் படுக்கு முன் உள்ளங்காலைப் பார்ப்பது உங்கள் வேலை.

கேள்வி: விற்றமின் டி போட்டால் சீனி இறங்குமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அதற்காகப் போட வேண்டாம். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்குத் தினம் 4000 அலகு கொடுத்துப் பார்த்த, 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. குறைபாடு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் எலும்புக்காகப் போடுங்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற விற்றமின் போடுகிறவர்கள் தைரொயிட் பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பிழையாக வரும்.